நீரில் இறங்கிய பிறகு

எஞ்சின் நின்றுபோன பயணிகள் விமானம் ஆற்றிலோ கடலிலோ இறங்கி, உள்ளே இருந்த அத்தனை பேரும் கரை சேர்ந்துவிட்டால், பாராட்டு முழுவதும் விமானியின் கைகளுக்கும் தெய்வத்தின் கருணைக்கும் போய்விடுகிறது. விமானியின் திறமையைக் குறைத்துப் பேச முடியாது. அது இல்லையென்றால் மற்றதற்கெல்லாம் வேலையே இல்லை. ஆனால் ஏறக்குறைய நூறு ஆண்டுகளில் தண்ணீரில் இறங்கிய விமானங்களின் கதைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால் வேறொரு கணக்கு புலப்படுகிறது. நன்றாகவே இறங்கிய விமானங்களிலிருந்து ஆட்கள் மூழ்கிச் செத்திருக்கிறார்கள். வால் முறிந்துபோன விமானத்திலிருந்து ஒருவர் விடாமல் பிழைத்திருக்கிறார்கள். உயிர் போவதும் நிற்பதும் பெரும்பாலும் விமானம் தண்ணீரைத் தொட்ட பிறகு வரும் சில நிமிடங்களில்தான் முடிவாகிறது. அந்த நிமிடங்களில் என்ன நடக்கும் என்பதோ, முந்தைய விபத்தில் இறந்தவர்களிடமிருந்து யார் என்ன கற்றுக்கொண்டார்கள் என்பதைப் பொறுத்தது.

தொடக்க காலத்தில் இதற்கென்று ஏற்பாடு எதுவும் கிடையாது. இம்பீரியல் ஏர்வேஸின் ஹேண்ட்லி பேஜ் விமானங்கள் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும்போது எஞ்சின் பழுதானால், கீழே மீன்பிடிப் படகு ஏதும் கண்ணில் படுகிறதா என்று பார்த்து அதன் பக்கத்தில் இறங்குவதுதான் ஒரே வழி. 1926 அக்டோபரில் அப்படி இறங்கிய விமானத்தின் 12 பேரையும் ஒரு மீன்பிடிப் படகு ஏற்றிக்கொண்டது. 1929 ஜூனில் அதே நிறுவனத்தின் அதே ரக விமானம் அதே கால்வாயில் இறங்கியபோது 13 பேரில் 7 பேர் இறந்தார்கள். தண்ணீரில் இறங்குவதற்காகவே கட்டப்பட்ட பறக்கும் படகுகள் வந்த பிறகாவது நிலைமை மாறியிருக்க வேண்டும் என்று தோன்றும். மாறவில்லை. நியூயார்க்கிலிருந்து பெர்முடாவுக்குப் போன கவாலியர் என்ற பறக்கும் படகு, கார்புரேட்டரில் பனி உறைந்து எஞ்சின்கள் வலுவிழந்ததால், 1939 ஜனவரி 21 அன்று அட்லாண்டிக்கில் இறங்கியது. அலை அதை உடைத்து மூழ்கடித்தது. ஏறி உட்கார ரப்பர் படகு ஒன்றுகூட அதில் இல்லை. மிதக்கும் மெத்தைகளைப் பற்றிக்கொண்டு கிடந்தவர்களை எஸ்ஸோ பேடவுன் என்ற எண்ணெய்க் கப்பல் வந்து எடுத்தபோது பத்து மணி நேரம் ஆகியிருந்தது. 13 பேரில் 10 பேர் மிஞ்சினார்கள். விமானம் நீரில் இறங்கத் தெரிந்ததாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இரண்டாம் உலகப் போர் இந்த விஷயத்தில் நிறைய கற்றுக்கொடுத்தது. கடலில் விழுந்த குண்டுவீச்சு விமானங்களின் எண்ணிக்கை பெருகியதும், எந்தக் கோணத்தில், எந்த வேகத்தில் இறங்கினால் விமானம் உடையாது என்பதை ஆய்வுக்கூடங்கள் ஆராயத் தொடங்கின. அமெரிக்காவின் லாங்லி ஆய்வுக்கூடத்தார் தொட்டித் தண்ணீரில் மாதிரி விமானங்களை ஏவிப் பார்த்தார்கள். 1944ல் ஒரு பி-24 குண்டுவீச்சு விமானத்தையே விமானிகளோடு ஜேம்ஸ் ஆற்றில் வேண்டுமென்றே இறக்கிப் பார்த்தார்கள். சக்கரங்களை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும், மூக்கு சற்றே தூக்கியிருக்க வேண்டும், இறக்கைகள் இரண்டும் சமமாக இருக்க வேண்டும், கடலின் பெரிய அலைவரிசைக்கு இணையாக இறங்க வேண்டும், குறுக்கே போகக் கூடாது என்ற பாடங்கள் இப்படித் திரண்டவை. குளத்து நீரில் ஓட்டாஞ்சில்லை எறிந்து விளையாடிய யாருக்கும் இதன் அடிப்படை தெரியும்: தட்டையாகப் பட்டால் தத்திப் போகும், விளிம்பு பட்டால் முழுகும். இந்த அறிவு விமானிக்கானது. பயணிகளுக்கான அறிவு இன்னும் பல உயிர்களை விலையாகக் கேட்டது.

அந்த விலை 1952 ஏப்ரல் 11 அன்று போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் கடலில் கொடுக்கப்பட்டது. நியூயார்க்குக்குப் புறப்பட்ட பான் அமெரிக்கன் டிசி-4 விமானத்தில் 69 பேர். கிளம்பிய சில நிமிடங்களில் ஒரே பக்கத்தின் இரண்டு எஞ்சின்களும் போய்விட, விமானி கடலில் இறக்கினார். உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் அந்த இறக்கத்தைத் தாண்டி உயிரோடுதான் இருந்தார்கள். விமானம் சுமார் மூன்று நிமிடம் மிதந்தது. கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. கதவு எங்கே, மிதவை அங்கி எங்கே, எப்படி அணிவது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. பலர் அச்சத்தில் உறைந்துபோய், மூழ்கும் விமானத்தை விட்டு வெளியே வர மறுத்துவிட்டார்கள். 52 பேர் இறந்தார்கள். 17 பேர் பிழைத்தார்கள். கரை அதிக தூரத்தில் இல்லை, மீட்பு விமானங்களும் விரைந்து வந்தன. கடலுக்கு மேலே பறக்கப்போகும் பயணிகளுக்குப் புறப்படும் முன்பே வழிகளையும் அங்கிகளையும் காட்டிச் சொல்ல வேண்டும் என்ற பரிந்துரை இந்த விபத்தின் பின்னால் வந்தது. இன்று விமானம் நகரத் தொடங்கும்போது பணிப்பெண் இடைவழியில் நின்று மஞ்சள் அங்கியை மாட்டிக் காட்டுகிறாரே, யாரும் கவனிக்காத அந்தச் சிறு சடங்குக்குப் பின்னால் இந்த 52 பேர் இருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், நடுக்கடலில் உதவியை முன்கூட்டியே நிறுத்திவைக்கும் முயற்சியும் நடந்தது. போருக்குப் பின் நாடுகள் கூடிப் பேசி, அட்லாண்டிக்கிலும் பசிபிக்கிலும் குறிப்பிட்ட இடங்களில் கப்பல்களை நிரந்தரமாக நிறுத்தின. அவற்றின் அன்றாட வேலை வானிலை அளப்பதும் விமானங்களுக்கு வழிசொல்வதும், தேவைப்பட்டால் மீட்பு. 1947 அக்டோபரில் பெர்முடா ஸ்கை குவீன் என்ற பறக்கும் படகு எதிர்க்காற்றில் எரிபொருளை இழந்து, 69 பேரோடு அப்படி ஒரு கப்பலான பிப்பின் அருகே இறங்கியது. மலை மலையாக எழுந்த அலைகளுக்கு நடுவே, அடுத்த நாள் வரை நீண்ட மீட்பில், 69 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். கவாலியரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: இரண்டும் பறக்கும் படகுகள், இரண்டும் அட்லாண்டிக்கில் இறங்கியவை. வேறுபாடு, பக்கத்தில் கப்பல் இருந்ததும் இல்லாததும்.

இந்த இரண்டு பாடங்களும், அதாவது தயாராக இருக்கும் பயணிகளும் அருகில் இருக்கும் கப்பலும், முழுமையாக ஒன்றுசேர்ந்தது 1956 அக்டோபர் 16 அன்று பசிபிக்கில். உலகைச் சுற்றிவந்த பான் அமெரிக்கன் 6ஆம் எண் விமானம், போயிங் ஸ்ட்ராட்டோகுரூசர், ஹொனலூலுவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் கடைசிக் கட்டத்தில் இருந்தது. 24 பயணிகள், 7 ஊழியர்கள். நள்ளிரவு தாண்டி ஓர் எஞ்சினின் சுழலி கட்டுக்கடங்காமல் சுழன்றது, நிறுத்தவும் முடியவில்லை. பிறகு இன்னொரு எஞ்சினும் கைவிட்டது. எந்தக் கரைக்கும் எரிபொருள் போதாது. ஆனால் கீழே நவம்பர் என்று பெயரிட்ட கடல்நிலையத்தில் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் பான்சர்ட்ரெய்ன் கப்பல் நின்றுகொண்டிருந்தது. கேப்டன் ரிச்சர்ட் ஆக் அவசரப்படவில்லை. கப்பலைச் சுற்றிச் சுற்றிப் பறந்து விடியலுக்காகக் காத்திருந்தார். காத்திருந்த நேரத்தில் எரிபொருளும் குறைந்து விமானம் இலேசானது. அவர் செய்த இன்னொரு காரியம்தான் என் வாதத்துக்கு முக்கியம். பின்பகுதியில் இருந்த பயணிகளை எல்லாம் எழுப்பி முன்னால் கொண்டுவந்து உட்கார வைக்கச் சொன்னார். ஏனென்றால் அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு, 1955 மார்ச்சில், அதே நிறுவனத்தின் அதே ரக விமானம் ஓரிகன் கரைக்கு அப்பால் இறங்கியபோது வால்பகுதி முறிந்து போயிருந்தது. 23 பேரில் 4 பேர் இறந்திருந்தார்கள். பொழுது புலர்ந்ததும் கப்பல் தண்ணீரில் நுரையைத் தெளித்து, இறங்க வேண்டிய திசையை நீண்ட வெள்ளைக் கோடாகக் காட்டியது. காலை 6:15க்கு ஸ்ட்ராட்டோகுரூசர் இறங்கியது. இறங்கிய வேகத்தில் வால் முறிந்து தனியே போனது. அங்கே யாரும் இல்லை. 31 பேரும் ரப்பர் படகுகளில் ஏறிக் கப்பலுக்குப் போன பிறகு, இறங்கிய சுமார் 20 நிமிடத்தில் விமானம் மூழ்கியது. சரக்கு அறையில் பெட்டி பெட்டியாக இருந்த கேனரிக் குருவிகளை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. ஆக்கின் கைத்திறன் பெரிது. அதற்கு இணையாகப் பெரிது, ஓரிகனில் என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம், நியாயமான மறுப்பு. அமைதியாகத் திட்டமிட நேரமும் ஓடும் எஞ்சின்களும் இருந்தவர்களின் கதையை மட்டும் எடுத்துக்கொண்டு தயாரிப்பைப் புகழ்கிறீர்கள்; விமானி கட்டுப்பாட்டை இழந்தால் எந்த அங்கியும் படகும் உதவாதே? உண்மைதான். 1996 நவம்பரில் கடத்தப்பட்டு எரிபொருள் தீர்ந்துபோன எத்தியோப்பிய போயிங் 767, கொமோரோ தீவின் கடற்கரை விடுதி ஒன்றுக்கு எதிரே இறங்கியது. விடுதியில் தங்கியிருந்தவர்களும் உள்ளூர்க்காரர்களும் படகுகளை எடுத்துக்கொண்டு உடனே போனார்கள். உதவி இதைவிட அருகில் இருக்க முடியாது. ஆனாலும் 175 பேரில் 125 பேர் இறந்தார்கள். கடத்தல்காரர்கள் கடைசிவரை விமானியோடு மல்லுக்கட்டினார்கள், இடது இறக்கை முதலில் நீரைத் தொட்டது, விமானம் சிதறியது. இது இறக்கத்தின் தோல்வி. ஆனால் அதோடு கதை முடியவில்லை. உள்ளே உயிரோடு இருந்தவர்களில் பலர், வெளியே வரும் முன்பே மிதவை அங்கியைக் காற்றடைத்துவிட்டிருந்தார்கள். தண்ணீர் ஏற ஏற அங்கி அவர்களைக் கூரையோடு கூரையாகத் தூக்கிப் பிடித்தது; கீழே மூழ்கிக் கதவைத் தேட முடியாமல் போனது. அங்கி இருந்தது, படகு இருந்தது, கரை இருந்தது. வாசலைத் தாண்டிய பிறகே ஊத வேண்டும் என்ற ஒரு வாக்கியம் மட்டும் மனதில் பதியவில்லை. மோசமான இறக்கத்திலும் தயாரிப்பு எத்தனை உயிரைக் கூட்டவோ குறைக்கவோ முடியும் என்பதை இந்த விபத்தே சொல்கிறது.

ஏஎல்எம் நிறுவனத்தின் டிசி-9 இன்னும் தெளிவான உதாரணம். 1970 மே 2 அன்று நியூயார்க்கிலிருந்து செயின்ட் மார்ட்டினுக்குப் போன அந்த ஜெட், மோசமான வானிலையில் இறங்க முயன்று முயன்று எரிபொருளைத் தீர்த்துவிட்டு, செயின்ட் குரோய் தீவுக்கு அப்பால் கடலில் இறங்கியது. விமானிகள் கட்டுப்பாட்டோடுதான் இறக்கினார்கள். ஆனால் பயணிகளிடம் பேசும் ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. நீரைத் தொடும் நொடியில் சிலர் பெல்ட் போடாமலும் சிலர் எழுந்து நின்றுகொண்டும் இருந்தார்கள். 63 பேரில் 23 பேர் இறந்தார்கள். ஒரு ஒலிபெருக்கியின் பழுது இப்படி விலை கேட்கும் என்று பராமரிப்புப் பட்டியலில் அதை எழுதிவைத்த யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். விமானப் பணியாளர்களின் குரலுக்கு உள்ள மதிப்பை நம் நாடு ஒரு முறை மிக வேதனையோடு அறிந்தது. பாண்டுங் மாநாட்டுக்குப் பேராளர்களை ஏற்றிப்போன ஏர் இந்தியாவின் காஷ்மீர் பிரின்சஸ் விமானம், 1955 ஏப்ரல் 11 அன்று நடுவானில் குண்டு வெடித்துத் தீப்பற்றிக் கடலை நோக்கி இறங்கியபோது, பணிப்பெண் குளோரியா பெரி ஒவ்வொருவராக அங்கி கொடுத்துக்கொண்டே போனார். 19 பேரில் பிழைத்தவர்கள் 3 பேர்தான். கேப்டன் ஜதாருக்கும் அவருக்கும் இறப்புக்குப் பின் அசோக சக்ர விருது வழங்கப்பட்டது.

2009 ஜனவரி 15க்கு வருவோம். லகார்டியாவிலிருந்து கிளம்பிய யுஎஸ் ஏர்வேஸ் ஏர்பஸ் ஏ320, சுமார் 2,800 அடி உயரத்தில் வாத்துக் கூட்டத்தில் மோதி இரண்டு எஞ்சின்களையும் இழந்து, மூன்றரை நிமிடத்தில் ஹட்சன் ஆற்றில் இறங்கியது. 155 பேரும் பிழைத்தார்கள். கேப்டன் சல்லன்பர்கரும் துணை விமானி ஸ்கைல்ஸும் எடுத்த முடிவுகள் சரியானவை என்று பின்னால் நடந்த ஒத்திகைகள் காட்டின. ஆனால் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கையை நுணுக்கமாகப் படித்தால், எத்தனை நூலிழைகள் ஒன்றுசேர்ந்து அந்த 155 உயிர்களைத் தாங்கின என்பது தெரிகிறது. இந்த ரக விமானம் தண்ணீரில் இறங்கத் தகுதியானது என்று சான்றளித்தபோது, நொடிக்கு 3.5 அடி வேகத்தில் மெல்ல இறங்கும் என்று வைத்துத்தான் கணக்கிட்டிருந்தார்கள். எஞ்சின் இல்லாத உண்மை விமானம் நொடிக்கு 12 அடிக்கும் அதிகமான வேகத்தில் நீரை அடித்தது. பின்பகுதியின் அடித்தளம் கிழிந்தது, உள்ளிருந்த ஓர் உலோகத் துண்டு தரையைப் பொத்துக்கொண்டு வந்து பின்னால் இருந்த பணிப்பெண்ணின் காலைக் குத்தியது, தண்ணீர் குபுகுபுவென்று ஏறியது. பின் கதவுகளில் இருந்த சறுக்குப் படகுகள் இரண்டும் பயன்படாமல் போயின. முன் கதவுப் படகுகளில் சுமார் 64 பேர் ஏறினார்கள். மற்றவர்கள் இறக்கைகளின் மேல் நின்றார்கள். ஆற்றுநீரின் குளிர் ஏறக்குறைய 5 டிகிரி. அதில் விழுந்தவர் சில நிமிடம் தாங்குவதே கடினம். முதல் பயணிப் படகு நான்கு நிமிடத்துக்குள் வந்துவிட்டது, ஏனென்றால் அது எப்போதும் படகுகள் ஓடும் ஆறு. பயணிகளில் மிகப் பலர் மிதவை அங்கி இல்லாமலே வெளியே வந்தார்கள். இருக்கைக்கு அடியில் குனிந்து தேடியவர்களில் பலரால் அதை இழுத்து எடுக்கவே முடியவில்லை.

அந்த முன் கதவுப் படகுகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கதவிலிருந்து இறங்கும் சறுக்கையே கழற்றிப் படகாக்கலாம் என்ற யோசனை 1960களில் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனத்தில் ஜாக் கிராண்ட் உருவாக்கியது. நல்ல யோசனை, உலகம் முழுவதும் பரவியது. ஆனால் ஹட்சனில் இறங்கிய விமானத்துக்கு, அது போகவிருந்த சார்லட் நகரத்துத் தடத்துக்கு, இந்தப் படகுகள் கட்டாயமே இல்லை. அமெரிக்க விதிப்படி கரையிலிருந்து 50 கடல்மைலுக்கு அப்பால் பறக்கும் விமானங்களுக்குத்தான் அவை தேவை. நீண்ட கடல் பயணத்துக்குப் பொருத்திய விமானம் ஒன்று அன்று தற்செயலாக அந்தத் தடத்தில் ஓடியது. வாரியமே அதைத் தற்செயல் என்று குறிப்பிட்டது. அதிசயம் என்று சொல்வதற்கு இடமிருந்தால் அது இந்த ஒரே இடம்தான். அதையும் விதி ஒன்று நிச்சயமாக்கியிருக்க முடியும்.

கரைக்கு அருகே பறப்பவர்களுக்கு ஆபத்து குறைவு என்ற நினைப்பு பழையது. 1954 ஜூன் 19 அன்று ஜெனீவாவிலிருந்து லண்டனுக்குப் போன சுவிஸ்ஏர் கான்வேர் விமானம் எரிபொருள் தீர்ந்து ஃபோக்ஸ்டன் கரைக்கு அருகே கடலில் இறங்கியது. கடலைக் கடக்கும் நேரம் குறைவு என்பதால் மிதவை அங்கி கட்டாயமாக இல்லை, விமானத்திலும் இல்லை. 5 பயணிகளில் 3 பேர் மூழ்கினார்கள். அன்றைய விதி எதை அளந்ததோ அதையேதான் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அமெரிக்க விதி அளந்துகொண்டிருந்தது: கடலுக்கு மேல் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்.

எல்லா விமானத்திலும் அங்கியும் படகும் வேண்டும் என்பதற்கு எதிராகப் பொருளாதார வாதம் ஒன்று உண்டு. எடை கூடும், செலவு கூடும், தண்ணீரில் இறங்கும் நிகழ்வோ மிக அரிது. நடுக்கடலைப் பொறுத்தவரை இது ஓரளவு சரி. பெரிய ஜெட் விமானம் நடுக்கடலில் திட்டமிட்டு இறங்கித் தப்பிய நிகழ்வு வரலாற்றில் இல்லை; ஜெட் எஞ்சின்களின் நம்பகத்தன்மை கூடியதும் கடல்நிலையக் கப்பல்களை 1970களில் பெரும்பாலும் விலக்கிக்கொண்டதில் தவறு காண முடியாது. ஆனால் நடுக்கடல் படகுகள் வெறும் கண்துடைப்பு என்று சொல்பவர்கள் 1962 செப்டம்பர் 23ஐ மறந்துவிடுகிறார்கள். அன்று இரவு ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் கான்ஸ்டலேஷன் விமானம் 76 பேரோடு வட அட்லாண்டிக்கின் கொந்தளிப்பில் இறங்கியது. 25 பேருக்கான ஒரே ரப்பர் படகில் 51 பேர் நெருக்கி ஏறினார்கள். செலரீனா என்ற சுவிஸ் சரக்குக் கப்பல் வரும்வரை அந்தப் படகு தாங்கியது. 48 பேர் உயிரோடு மீண்டார்கள். படகு ஒன்றுகூடக் கைக்குக் கிடைக்காமல் போயிருந்தால் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்.

அரிது என்ற வாதம் கரையோரத்தைப் பொறுத்தவரை முற்றிலும் தவறு. ஜெட் காலத்தில் பயணிகள் விமானங்கள் தண்ணீரில் போய் விழுந்து ஆட்கள் பிழைத்த பல நிகழ்வுகள் ஓடுபாதைக்கு எட்டும் தூரத்தில் நடந்தவை. 1963ல் லெனின்கிராடின் நேவா ஆற்றில் இறங்கிய டியூ-124ஐ இழுவைப் படகு கரைக்கு இழுத்துவந்தது. 52 பேரும் பிழைத்தார்கள். 1968ல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில், ஓடுபாதைக்கு முன்னாலேயே இறங்கிவிட்ட ஜப்பானிய டிசி-8ல் 107 பேரும் தப்பினார்கள். 2013ல் பாலியில் லயன் ஏர் விமானம் ஓடுபாதையை எட்டாமல் கடலில் விழுந்தும் 108 பேருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. 2018 செப்டம்பர் 28 அன்று மைக்ரோனேசியாவின் சூக் தீவில், ஏர் நியூகினி விமானம் ஓடுபாதைக்குச் சற்று முன்னால் காயலில் விழுந்தபோது, உள்ளூர்ப் படகோட்டிகள் நொடியில் சூழ்ந்துகொண்டு ஆட்களை இறக்கினார்கள். 47 பேரில் ஒருவர் மட்டும் இறந்தார். இவற்றில் எதிலும் விமானம் கரையிலிருந்து 50 கடல்மைல் தள்ளி இல்லை. ஹட்சன் விசாரணைக்குப் பின் அமெரிக்க வாரியம், தடம் எதுவானாலும் எல்லா விமானத்திலும் மிதவை அங்கி இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது இந்தக் காரணத்தால்தான். நீர்ப்பரப்பை ஒட்டிய விமான நிலையங்கள் நீரில் மீட்கும் படையைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளும் சொல்கின்றன. அந்தப் படை எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர்கிறது என்று அவ்வப்போது ஒத்திகை பார்க்கவும் அறிவுறுத்துகின்றன. சூக்கில் அந்த வேலையைச் செய்தவர்கள் மீன்பிடிக்கப் போகும் ஊர்க்காரர்கள். கடலை ஒட்டி ஓடுபாதை வைத்திருக்கும் ஒவ்வொரு நகரமும் அந்தப் படகுகள் எங்கே நிற்கின்றன, யார் ஓட்டுவார்கள், இரவில் யார் எழுப்புவார்கள் என்று எழுதிவைத்திருக்க வேண்டும்.